கோலத்த மிதிச்சிக்கிட்டு எடுத்த படம்

நான் செத்துப் பதினெட்டு நாளாச்சுங்கிற சேதிய எனக்கு மொதமொதல்ல சொன்னவ அஞ்சலைதான்.

ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் பாக்க வந்தவ அவ. சிதம்பரம் கீழ வீதியில கலியமூர்த்தி அண்ணன் டீக்கடையில நான் கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்தேன். ஒரே கூட்டம், நிக்க எடமில்ல. "ஒரு டீ, சக்கர ஜாஸ்தி"ன்னு ஒரு கொரலு. எங்கேயோ கேட்ட கொரலா இருக்கேன்னு நிமுந்து பாத்தா அஞ்சலை. கடலூரு தேவனாம்பட்டினத்துல எனக்கு எதுத்த வூட்டுக்காரி. இருவது வருஷம் என்கூட மீன் கூடை தூக்குனவ. என்னப் பாத்ததும் அவ கையில இருந்த அர்ச்சனைத் தட்டு நழுவிடுச்சு. தேங்கா மூடி ரோட்டுல உருண்டு ஒரு ஆட்டோ சக்கரத்துக்கிட்ட போயி நின்னுச்சு.

"அய்யய்யோ! குப்பு, நீ செத்துட்டடீ!"

"யாருடி செத்தா? வாயில நல்லா வருது எனக்கு. கட்டையில போறவளே, ஒழுங்கா சொல்லு."

"கட்டையில போனது நீதான்டி"ன்னு சொல்லிட்டு அவ பெஞ்சுல உக்காந்து ஓன்னு அழுதா. அப்புறம் என் கைய கிள்ளிப் பாத்தா. அப்புறம் என்னத் திட்டுனா. நான் எங்க படுக்கறேன்னு கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு, டீ ஆறிப்போனதுக்கு அப்புறம்தான் விசயத்த சொன்னா.

ஊரு வாட்சப் குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சாம். கறுப்பு வெள்ளையில பெருசா நானு, ஃபிரேம் போட்டு. அதுக்கு முன்னாடி குத்துவெளக்கு எரியுது. வெள்ளச் சட்டை போட்ட பெரிய மனுசங்க நாலு பேரு தலைய குனிஞ்சி நிக்கிறாங்க. பேப்பர்ல வந்த படத்த எவனோ போன்ல புடிச்சி, கீழ இருந்த எழுத்த வெட்டிட்டுப் போட்டுட்டான். 'இது நம்ம குப்பு அக்காதானே?'ன்னு ஒருத்தன் கேட்டிருக்கான். அடுத்தவன் 'ஆழ்ந்த இரங்கல்'ன்னு போட்டிருக்கான். அப்புறம் ஆளாளுக்குக் கும்புட்ட கை பொம்ம. ஒரு மணி நேரத்துல என் கத முடிஞ்சிடுச்சு.

"ஒடம்பு எங்கன்னு ஒருத்தரும் கேக்கலையாடி?"

"நம்ம ஊருக்கு அது என்னா புதுசா?"ன்னா அஞ்சலை.

சுனாமியில என் புருசன் போனாரு, ஒடம்பு கெடைக்கல. எங்க தெருவுலயே அப்படி எத்தினியோ பேரு. ஒடம்பு இல்லாம கடக்கரையில காரியம் பண்ணிப் பண்ணி எங்க ஆளுங்களுக்குப் பழகிப்போச்சு. ஒரு போட்டோவும் ஒரு வெளக்கும் இருந்தா போதும், சாவுன்னு முடிவு கட்டிடுவாங்க. என் மவன் வினோத்குமார் மொட்டை அடிச்சி, பதினாறாம் நாளு கருமாதியும் முடிச்சிட்டானாம். ஊரு முனையில கரண்ட் கம்பத்துல ஃபிளெக்ஸு கூட கட்டியிருக்காம்.

"உன் பொண்ணு சினேகாவ பாக்க வந்தாங்கடி"ன்னா அஞ்சலை, கொரல தாழ்த்திக்கிட்டு. "நல்ல எடம், பரங்கிப்பேட்டைப் பக்கம். அம்மா எங்கன்னு கேட்டப்ப உன் மவன், 'இப்பதான் தவறிடுச்சு'ன்னான். பாவம், தாயில்லாப் புள்ளன்னு அவங்க சரின்னுட்டாங்க. ஆவணியில நிச்சயம்." அப்புறம் என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டா. "கோச்சுக்காத குப்பு. ரெண்டு மாசம் செத்தவளாவே இரு. அம்மா செத்துட்டான்னா சபையில சொல்லலாம். அம்மா தெருவுல படுத்திருக்கான்னு எப்பிடிடி சொல்றது?"

நான் கிளாஸ கழுவப் போயிட்டேன். அன்னிக்கி மூனு கிளாஸ ஒடச்சேன்.

நான் ஏன் தெருவுல இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் கேக்கறதுதான். மவன் குடிச்சிட்டு வந்து ஒரு நாளு என்ன அடிக்கக் கை ஓங்குனான். அடிக்கல, ஓங்குனான். கை ஓங்குன வூட்டுல சோறு திங்க மாட்டேன்னுட்டு மாத்துப் பொடவையோட பஸ் ஏறிட்டேன். சினேகா அப்ப மொபைல் கடையில வேலைக்கிப் போயிட்டிருந்தா. அவகிட்ட கூட சொல்லல. சொன்னா அழுதே என்ன நிறுத்திடுவா. சிதம்பரத்துல வூடு கேட்டேன், ஒத்தப் பொம்பளைக்கி இல்லன்னுட்டாங்க. கொரோனாவுல மூடுன ஒரு துணிக்கடை ஷட்டருக்கு முன்னால படுத்தேன். ரெண்டு வருஷமா அதுதான் என் வூடு.

வூடுன்னா வூடுதான். சிரிக்காதீங்க. படுக்கைக்கி ஒரு எடம், பைக்கு ஒரு மூலை, சாமி படத்துக்கு ஷட்டர் பூட்டுல ஒரு ஆணி. காலையில டீக்கடை குழாய்ல தண்ணி புடிச்சாந்து தெளிச்சி, நாலு புள்ளிக் கோலம் போட்டுடுவேன். அந்தக் கோலத்துக்கு இந்தப் பக்கம் என் வூடு, அந்தப் பக்கம் ரோடு. பக்கத்துல படுக்கற பக்கிரி கூட கோலத்த தாண்டி வரமாட்டாரு. அங்க நின்னே "எழுந்தாச்சா தங்கச்சி"ன்னு கேப்பாரு.

பக்கிரி கோயில் வாசல்ல உக்காந்து பிச்சை எடுக்கறவரு. நல்ல தாடி. வெள்ளக்காரங்க, மெட்ராஸ்காரங்க எல்லாரும் அவர போட்டோ எடுப்பாங்க. அவரும் தாடிய தடவி விட்டுக்கிட்டு, "எந்தப் பக்கம் திரும்பணும்?"னு கேட்டு ஜம்முன்னு உக்காருவாரு. அது அவரு இஷ்டம். அவரு சரின்னு சொன்னாரு, அவங்க எடுத்தாங்க. அதுல நான் தப்பு சொல்ல மாட்டேன்.

எனக்குப் போட்டோன்னா ஆவாது. சுனாமி அன்னிக்கி நான் கடக்கரையில பொடவை எங்க கெடக்குதுன்னு கூடத் தெரியாம மண்ண வாரி இறைச்சிக்கிட்டுக் கெடந்தேன். இடுப்புல ஒன்றர வயசு சினேகா. அத ஒருத்தன் எடுத்தான். பேப்பர்ல வந்துச்சு. அதுக்கு மேல நான் எங்க போனாலும் 'பேப்பர்ல வந்த அம்மா' ஆயிட்டேன். மீன் விக்கப் போனா, கோலா மீன தூக்கிப் பாத்துக்கிட்டே "அது நீதானே?"ம்பாங்க. அன்னியோட சரி. கல்யாணம் காட்சி எங்கேயும் ஒருத்தனையும் என்ன எடுக்க வுட்டதில்ல. வூட்டுல இருந்த ஆல்பம் எல்லாத்தையும் கடலு கொண்டுபோயிடுச்சு. ஆதார் அட்டையில ஒன்னு இருக்கு, அதுவும் என் மடியில.

இந்தப் படம் எடுத்தது பங்குனி மாசம். விடிஞ்சி கொஞ்ச நேரம்தான் ஆயிருக்கும். கோலம் போட்டு முடிச்சிட்டு, தலைய விரிச்சி வச்சி சிக்கெடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தம்பி வந்தான், கழுத்துல பெரிய கேமரா. என் கோலத்து மேலயே காலு வச்சி நின்னான். கைய நீட்டி "எடுக்காதய்யா"ன்னேன். டிக்குன்னுச்சு. "எடுக்காதய்யா, சொல்றேன்ல." டிக்கு. நாலு வாட்டி சொன்னேன், நாலு வாட்டி டிக்கு. கடைசியில கை ஓஞ்சிப்போயி எறக்கிட்டேன். அவன் ஒரு பிஸ்கட் பாக்கெட்ட பக்கத்துல வச்சிட்டு, "தேங்க்ஸ்மா"ன்னு சொல்லிட்டுப் போனான். நான் அத நாய்க்குப் போட்டேன்.

அஞ்சலை போன ரெண்டாம் நாளு கலியமூர்த்தி அண்ணன் அந்தப் படத்த போன்ல தேடி எடுத்துக் காட்டுனாரு. கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு மண்டபத்துல போட்டோ கண்காட்சியாம், ஒரு மாசம். தொறப்பு விழாவுல என் படத்துக்கு முன்னால குத்துவெளக்கு ஏத்தியிருக்காங்க. மொதப் பரிசாம். எடுத்தவன் பேரு ஸ்ரீதர்.

"கீழ என்னா போட்டிருக்கு அண்ணே?"

அண்ணன் போன கிட்ட வச்சிப் படிச்சாரு. "யாசிப்பு"ன்னாரு.

"அப்பிடின்னா?"

"பிச்ச கேக்கறதும்மா."

உள்ளங்காலு வரைக்கும் எரிஞ்சிடுச்சு எனக்கு. செத்தவன்னு சொன்னத கூட நான் பொறுத்துக்கிட்டேன். என் பொண்ணுக்கு ஒரு நல்லது நடக்கும்னா ரெண்டு மாசம் என்ன, ரெண்டு வருஷம் கூட செத்துத் தொலைக்கிறேன்னு மனசுல ஒரு கணக்கு போட்டு வச்சிருந்தேன். ஆனா இது என்னா? பிச்ச எடுக்கறது கேவலம்னு சொல்லல. பக்கிரி எடுக்கறாரு, அவரு என் அண்ணன் மாதிரி. வேணாம்னு சொன்ன கைய, குடுன்னு கேட்ட கைன்னு எழுதி மாட்டுறதுக்கு இவன் யாரு?

"கடைசி ஞாயித்துக்கெழம அந்தப் பையனே வந்து பேசறானாம்"ன்னாரு அண்ணன். "போறியா?"

"போறேன்."

"பொண்ணு கல்யாணம்?"

"படத்த எறக்கச் சொல்லிட்டு வந்துடுவேன். யாருகிட்டயும் பேரு சொல்ல மாட்டேன்." அப்ப அப்பிடித்தான் நெனச்சேன்.

ஞாயித்துக்கெழம பக்கிரிய வூட்டுக்குக் காவல் வச்சிட்டுக் கெளம்புனேன். நல்ல பொடவை, இறுக்கிக் கட்டுன கொண்டை. பஸ்சு ஆலப்பாக்கம் தாண்டுற வரைக்கும் மனசுக்குள்ள அவனத் திட்டிப் பழகிக்கிட்டே வந்தேன். மண்டபத்துல சேரு போட்டு ஒரு அம்பது பேரு. எதுத்தாப்புல செவுத்துல நானு. ஆள் ஒசரத்துக்கு. தலைவிரி கோலம், கண்ணு உள்ள போயி, கை தொங்கலா நீட்டி. நான் உள்ள வந்து அதுக்கு நேரா கீழ உக்காந்தேன். ஒரு ஆளுக்கு அடையாளம் தெரியணுமே! பக்கத்துல இருந்த ஒரு அம்மா படத்தப் பாத்து "பாவம்"ன்னு உச்சுக் கொட்டிட்டு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க"ன்னு என்கிட்ட சொல்லுது.

அப்பதான் பாத்தேன். ஃபிரேம் மூலையில ரெண்டு மொழம் மல்லி. புதுப் பூ கூட இல்ல, நேத்து வச்சது மாதிரி வாடியிருந்துச்சு.

வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், "இது யாரு வச்சது?"

"ஒரு பொண்ணும்மா. இங்க மொபைல் கடையில வேலை செய்யுது போல. தெனம் ஆறு மணிக்கி வரும். பழைய பூவ எடுத்துட்டுப் புதுசு வைக்கும். கொஞ்ச நேரம் நிக்கும், போயிடும். படம் எடுத்த சார் கூட கேட்டுட்டு சந்தோசப்பட்டாரு, நம்ம படம் அவ்ளோ தூரம் ஒருத்தர பாதிச்சிருக்கேன்னு."

என் சினேகாதான் அது. திரும்பி வந்து சேர்ல உக்காந்தேன். கடிகாரத்துல மணி அஞ்சு. எழுந்து போயிடலாம். இப்ப போனா அவ ஆறு மணிக்கி வந்து பூ வச்சிட்டுப் போவா, ஆவணியில அவளுக்கு நிச்சயம் நடக்கும், ஒருத்தருக்கும் ஒன்னும் தெரியாது. படத்த எறக்கச் சொன்னா என் பொண்ணுக்கு என்னப் பாக்க இருக்கற ஒரே எடமும் போயிடும். எறக்காம வுட்டா, அவ தெனம் வந்து கும்புடறது பிச்ச கேக்கற கைய. இத நெனச்ச ஒடனே நல்லா சாஞ்சி உக்காந்துட்டேன்.

மேடையில அந்தத் தம்பி மைக்குல பேசறான். தெருதான் அவனுக்குப் பள்ளிக்கூடமாம். வூடில்லாத மக்களோட மௌனத்த அவன் மொழிபெயர்க்கிறானாம். எல்லாரும் கை தட்டுனாங்க. போட்டோ சங்கத் தலைவரு ஞானசேகரன்னு ஒருத்தரு எழுந்து, "கேள்வி இருந்தா கேக்கலாம்"ன்னாரு. நான் கைய தூக்குனேன். மைக்க கொண்டாந்து குடுத்தாங்க.

"தம்பி, அந்தப் படத்துல இருக்கற பொம்பள என்னா கேக்குது?"

சந்தோசமா சொன்னான். "அது இந்தச் சமூகத்துக்கிட்ட நீட்டுன கைம்மா. அவங்க ஒரு வார்த்தை பேசல. அந்தக் கை மட்டும்தான் பேசுச்சு."

"ஒரு வார்த்தை பேசலையா? 'எடுக்காதய்யா'ன்னு நாலு வாட்டி கத்துனேனே, காதுல என்னா பஞ்சு வச்சிருந்தியா?"

அவன் என்னப் பாத்தான், படத்தப் பாத்தான், மறுபடி என்னப் பாத்தான். நான் கொண்டைய அவுத்து வுட்டேன். அப்ப தெரிஞ்சிடுச்சு எல்லாருக்கும். நாலு பேரு போன தூக்குனாங்க. "கீழ வையி"ன்னேன். வச்சிட்டாங்க.

"அம்மா, வாங்க, உக்காந்து பேசலாம்"ன்னு ஞானசேகரன் வந்தாரு.

"உக்காந்துதான் இருந்தேன் அன்னிக்கும். தம்பி, நீ நாலு எடுத்த. மத்த மூனையும் காட்டு."

"அது இன்னும் திருத்தாத ரா ஃபைல்ஸும்மா, அது..."

பின்னாடி கழுத்துல கேமரா மாட்டுன ஒரு பொண்ணு எழுந்துச்சு. சத்யப்பிரியாவாம், அதுவும் படம் எடுக்கறதாம். "லேப்டாப்ல இருக்கும்ல சார்? போடுங்க. நாங்களும் பாக்கணும்"ன்னுச்சு. அம்பது பேரும் அவனையே பாத்தாங்க. அவனுக்கு வேற வழி இல்ல, திரையில போட்டான்.

மொத படத்துல நான் சீப்போட எங்கேயோ பாத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டாவதுல அவன பாத்துட்டேன், புருவம் சுருங்குது. மூனாவதுல என் உள்ளங்கை கேமராவுக்கு நேரா, விரலெல்லாம் விரிச்சி, வாய தொறந்து கத்துறேன். பஸ்ஸ நிறுத்துறதுக்கு நீட்டுவோமே, அந்த மாதிரி கை. எந்தக் கண்ணு கெட்டவனும் அத பிச்சன்னு சொல்ல மாட்டான். நாலாவதுதான் செவுத்துல இருக்கறது, கை ஓஞ்சி எறங்கறப்ப எடுத்தது.

"மூனாவது எதுக்கு மாட்டல?"

மைக்க வச்சிட்டு மெதுவா சொன்னான். "பப்ளிக் ப்ளேஸ்மா அது. சட்டப்படி தப்பில்ல. கேட்டுட்டு எடுத்தா நேச்சுரலா வராது."

"எனக்கு நேச்சுரல் 'எடுக்காத'தான்யா. அது வந்துச்சே, தோ, திரை பூரா வந்திருக்கே! அத ஏன் மாட்டல?"

நான் வுடல. படத்துக்கிட்ட போயி கீழ் ஓரத்த காட்டுனேன். "இது என்னா?"

"கோலம்."

"அதுல இந்த அழிஞ்ச எடம்?"

குனிஞ்சி பாத்தான். "என் ஷூ..."

"பப்ளிக் ப்ளேஸ்ல யாருய்யா கோலம் போடுவா? அது என் வாசலு. வாசல மிதிச்சிக்கிட்டு, தலைய விரிச்சிக்கிட்டு இருக்கற பொம்பளைய அவ வூட்டுக்குள்ள பூந்து எடுத்திருக்க. செவுரு இல்லன்னா அது வூடு இல்லன்னு உனக்கு யாரு சொன்னா? உன் அம்மா தல சீவறப்ப எவனாவது ஜன்னல் வழியா எடுத்தா நேச்சுரலா இருக்குன்னு பரிசு குடுப்பியா?"

"உங்க கஷ்டம் நாலு பேருக்குத் தெரியணும்னுதாம்மா..." பொய் சொல்லல அவன். அப்பிடித்தான் அவனுக்கே அவன் சொல்லி வச்சிருப்பான். அது தெரிஞ்சிதான் எனக்குக் கோவம் இன்னும் ஜாஸ்தியாச்சு.

"என் பேரு தெரியுமா உனக்கு?"

தெரியாதுன்னு தலையாட்டுனான்.

"பேரு தெரியாது, ஊரு தெரியாது. என் கஷ்டம் மட்டும் தெரிஞ்சிடுச்சா? என் மவன் மொட்டை அடிச்சிட்டான்யா உன் படத்தால! எனக்குக் கருமாதி முடிஞ்சிடுச்சு, தெரியுமா?"

அப்ப வாசல்ல ஏதோ கீழ உழுந்துச்சு. திரும்பிப் பாத்தேன். சினேகா நிக்கிறா. மொபைல் கடை டீசர்ட்டு, தோள்ல பையி. கையில இருந்த பூப்பொட்டலம் தரையில கெடக்கு.

கட்டிப் புடிச்சி அழுவான்னுதான் நீங்க நெனப்பீங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஓடி வந்து அடிச்சா. தோள்ல, முதுவுல, கையில, எங்க பட்டாலும் சரின்னு படபடன்னு அடிச்சா. "எங்க போன? எங்க போன நீ? ஒரு போன் பண்ணா செத்தா போயிடுவ? கடைக்கிப் போற வழியில இங்க உன் படத்தப் பாத்தேன், எங்க எடுத்ததுன்னு கேட்டா வாட்ச்மேனுக்குத் தெரியல. செத்துட்டன்னும் நம்ப முடியல, இருக்கன்னும் நம்ப முடியல. பூ வைக்கறது உனக்குப் புடிக்காதேன்னு தெனம் பூ வச்சேன். கோவம் வந்தாவது எழுந்து வருவன்னுதான் வச்சேன்!"

அவ அடிக்கட்டும்னு நின்னேன். அடிக்க அவளுக்கு மட்டும்தான் உரிமை உண்டு. அப்புறம் என் நெஞ்சுல மொகத்த வச்சிக்கிட்டா. நானும் அழுதுட்டேன், மறைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சி அவ குனிஞ்சி, கீழ கெடந்த பொட்டலத்த பிரிச்சி, புதுப் பூவ எடுத்தா. படத்துக்கிட்ட போவல. என் தலைய ஒதுக்கி முடிஞ்சி, அதுல வச்சா. புருசன் போனதுக்கு அப்புறம் இருவது வருஷமா பூ வைக்காத தலை. கைய தூக்கி எடுக்கப் போனேன். "தொடாத"ன்னா. என் பொண்ணுல்ல, நானும் எடுக்கல.

ஓரக்கண்ணுல ஒரு அசைவு. அந்தத் தம்பிதான். அவன் கை தானா கேமராவுக்குப் போயிடுச்சு. கண்ணுக்கிட்ட தூக்கிட்டான். அவன சொல்லிக் குத்தமில்ல, அழுவுற தாயும் மவளும், பூ வேற, எவனுக்குத்தான் கை துடிக்காது? நான் வாயே தொறக்கல. அதே கைய, அதே மாதிரி விரிச்சி நீட்டுனேன்.

கேமராவ எறக்கிட்டான். கழுத்துலேர்ந்து கழட்டி மேச மேல வச்சான். அப்புறம் அவனே ஸ்டூலு போட்டு ஏறி, படத்த எறக்கி, செவுத்துப் பக்கம் திருப்பி வச்சான். "மன்னிச்சிடுங்கம்மா"ன்னான்.

"என் பேரு குப்பு"ன்னேன். "மன்னிக்கறத அப்புறம் பாப்போம். அந்த மூனு படமும் திரையிலேர்ந்து போவட்டும் மொதல்ல."

ஷேர் ஆட்டோவுல தேவனாம்பட்டினம் போறப்ப நான் இருக்கற எடத்தையும் அஞ்சலை சொன்னதையும் சினேகாகிட்ட சொன்னேன். "நான் சிதம்பரத்துக்கே திரும்பிடறேன். ஆவணி முடியட்டும்." அவ என்ன ஒரு மொற மொறைச்சா. போன எடுத்து, என் எதுக்கவே மாப்ள வூட்டுக்குப் போட்டா. "மாமா, சினேகா பேசறேன். எங்கம்மா உயிரோட இருக்காங்க. சிதம்பரத்துல டீக்கடையில வேல செய்யறாங்க, தெருவுல படுக்கறாங்க. இது தெரிஞ்சி சம்மதம்னா வாங்க. அம்மாவ சாவடிச்சிட்டுப் பண்ணிக்கற கல்யாணம் எனக்கு வேணாம்." அவங்க யோசிச்சி சொல்றோம்னாங்க. இன்னும் யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க. நல்லா யோசிக்கட்டும்.

ஊரு முனையில எறங்குனா, கரண்ட் கம்பத்துல நான் ஜொலிக்கிறேன். 'கண்ணீர் அஞ்சலி'ன்னு செவப்புல எழுத்து. அதே படத்துலேர்ந்து மொகத்த மட்டும் வெட்டி, எவளோ ஒருத்தி ஒடம்பு மேல ஒட்டியிருக்கானுங்க. கத்திரிப்பூ கலரு பட்டு, கழுத்து நெறைய நக. என் ஆயுசுல கட்டாத பட்டு. சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு எனக்கு. தெருவே கூடிடுச்சு. அஞ்சலை தலையில கைய வச்சிக்கிட்டு நிக்கிறா. வினோத்குமார் லுங்கியோட ஓடி வந்தான். மொட்டையில அப்பதான் முடி மொளைக்குது. "யம்மா"ன்னு கொழறுனான்.

"உன் மொட்டைக்கி நான் பொறுப்பில்ல"ன்னேன். "வூட்டுக்குள்ள வரமாட்டேன், பயப்படாத. என் வூடு சிதம்பரத்துல இருக்கு."

அவன் அழுதுக்கிட்டே ஃபிளெக்ஸ அவுக்கப் போனான்.

"இருண்ணா, அவுக்காத"ன்னா சினேகா. போன எடுத்து வச்சிக்கிட்டு என் எதுக்க வந்து நின்னா. உடனே எடுத்துடல. கைய கீழயே வச்சிக்கிட்டு, "எங்கிட்ட உன் படம் ஒன்னு கூட இல்லம்மா. எடுக்கட்டுமா?"ன்னு கேட்டா.

அம்பது வயசுல என்ன ஒருத்தர் கேட்டது அதுதான் மொத வாட்டி.

"இரு"ன்னேன். முந்தானைய இழுத்து சொருவிக்கிட்டேன். பூவ சரி பண்ணிக்கிட்டேன். பட்டுக் கட்டிக்கிட்டு செத்துப்போனவளுக்குப் பக்கத்துல போயி, இடுப்புல கைய வச்சி நின்னேன்.

"ம், இப்ப எடு."